பின்னறைக்கு ஒரு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம்

இனிமேல் என் வீட்டு வாசலில் வரி கிடையாது. தடையற்ற வர்த்தகம்தான்!

இப்படி ஒரு சபதம் எடுத்தேன். வீட்டில் அல்ல. வீட்டில் நான் எதையும் எடுப்பதில்லை. எடுத்தால், எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கச் சொல்லிவிடுவாள் என் மனைவி. சபதத்தை எடுத்தது சர்வதேச வீட்டு மின்சாதனக் கண்காட்சியின் கருத்தரங்கு மண்டபத்தில், வலது கால் ஷூவைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது.

நான் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்பனையாளன். வருஷா வருஷம் இந்தக் கண்காட்சிக்கு முதலாளிதான் போவார். இந்த வருஷம் கிளம்புகிற அன்று ஒரு தும்மல் தும்மினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. தும்மின வாக்கில் குனிந்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"நீ போயிட்டு வா. என்ன புதுசா வந்திருக்குன்னு சுத்திப் பாரு. எதையும் வாங்கித் தொலைக்காதே."

"நான் என்ன சின்னப் புள்ளையா முதலாளி?"

"சின்னப் புள்ளைன்னா நம்பி அனுப்பலாமே!" என்றார்.

கண்காட்சி வாசலில் எல்லார் கழுத்திலும் ஓர் அட்டையை மாட்டினார்கள். விற்க வந்தவர்களுக்குச் சிவப்பு. வாங்க வந்தவர்களுக்குப் பச்சை. எனக்கு ஒரு சாம்பல் நிற அட்டை. அதில் பெரிய எழுத்தில் 'பார்வையாளர்' என்று போட்டிருந்தது.

"பார்வையாளர்னா என்னங்க?" என்று வாசல் காவலரைக் கேட்டேன்.

"பார்க்கலாம். தொடக் கூடாது. விலை கேட்கக் கூடாது" என்றார்.

அட, இது வீட்டிலேயே எனக்கு இருக்கிற பதவிதானே! இதற்காகவா ரயிலேறி வந்தேன்? உள்ளே போனதும் முதல் வேலையாக அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். வெள்ளைப் பக்கம் வெளியே. இப்போது நான் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

உள்ளே போனால் தலைகால் புரியவில்லை. ஃபிரிட்ஜ் பேசுகிறது. விளக்கு கேட்கிறது. ஒரு கண்ணாடி, "இன்று சோர்வாக இருக்கிறீர்கள்" என்று என்னைப் பார்த்துச் சொன்னது. அதைச் சொல்ல எனக்கு வீட்டில் ஆள் இருக்கிறது என்று நகர்ந்தேன். மண்டபம் மாற்றி மண்டபம் நடந்து பாதம் வீங்கியது. பச்சை அட்டைக்காரர்களுக்கு நாற்காலி போட்டு டீ கொடுக்கிறார்கள். வெள்ளை அட்டையைக் கண்டால் குழம்பிப்போய் ஒரு காகிதப் பையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். காசு இல்லாமல் உட்கார இருந்த ஒரே இடம் அந்தக் கருத்தரங்கு மண்டபம். அப்படித்தான் உலகப் பொருளாதாரத்துக்குள் நுழைந்தேன்.

மேடையில் ஒரு பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். "ஒரு நாட்டில் செய்த சாதனம் இன்னொரு நாட்டுக்குள் நுழையும்போது, வாசலிலேயே நிறுத்தி வரி கேட்கிறார்களே, இது நியாயமா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனென்றால் என் நிலைமை அதுதான்.

என் மனைவி திரைச்சீலை தைப்பவள். வீட்டிலிருந்தபடியே நாலு தெரு ஜன்னல்களுக்கும் மானம் காப்பவள். தையல் மெஷின், துணி, கத்தரிக்கோல் எல்லாம் இருப்பது சாப்பாட்டு மேஜையில். சாப்பாடு எங்கே இருக்கும் என்று கேட்காதீர்கள், மடியில். அவள் பல வருஷமாகக் கேட்பது ஒன்றுதான். "அந்தப் பின்னறையை எனக்குக் குடுங்க. மெஷினை அங்க போட்டுக்கறேன்." பின்னறையில் இருப்பது என் சொத்து: பாட்டுக் கேட்கிற பெட்டிகள், பாடாத பெட்டிகள், எதற்கு என்று மறந்துபோன வயர்கள். அதை ஒரு நாள் சொந்தத் தியேட்டர் ஆக்குவது என் லட்சியம். அதனால் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் சும்மா விடுவாளா? நான் எந்தச் சாமானை வாங்கி வந்தாலும் வாசலிலேயே மறித்து வரி போட ஆரம்பித்தாள். இயர்போனுக்கு வரி, எல்லா ஃபேன் இறக்கைகளையும் துடைப்பது. அலாரம் ரேடியோவுக்கு, பாத்ரூம் கழுவுவது. போன தடவை ஒரு குட்டி ஸ்பீக்கர் வாங்கினேன். அதற்கு வரியாக, அவள் அக்கா வீட்டுக்குப் போய், அக்கா புருஷன் தன் முழங்கால் ஆபரேஷனைப் பற்றிச் சொல்வதை ஒரு ஞாயிறு முழுக்கக் கேட்க வேண்டியதாயிற்று. ஸ்பீக்கரை வாங்கியவன் நான், பேசியது சகலை.

மேடைப் பெரியவர் கையை உயர்த்தினார். "வரியை எடுத்துவிடுங்கள்! வாசலைத் திறந்துவிடுங்கள்! இரு பக்கமும் செழிக்கும்!"

எழுந்து நின்று கைதட்டினேன், ஒற்றை ஷூவோடு. அவர் 'இரு பக்கமும்' என்று சொன்னதைக் கொஞ்சம் கவனித்திருக்கலாம். கைதட்டுகிற சத்தத்தில் காதில் விழவில்லை.

கண்காட்சியின் கடைசி நாள் மத்தியானம் ஒரு வேடிக்கை நடக்கும். காட்சிக்கு வைத்த சாமான்களைக் கட்டித் திரும்ப ஊருக்கு அனுப்பினால் கூலி, கப்பல், லாரி என்று செலவு எகிறும். அதனால் ஸ்டாலைப் பிரிக்கிற நேரத்தில், வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். நான் தரையைத் தானே பெருக்குகிற ஒரு வட்ட மெஷினும், பாட்டுக்கு ஏற்றபடி கலர் கலராக மின்னுகிற ஒரு ஸ்பீக்கரும் வாங்கிவிட்டு வெளியே வரும்போதுதான் அதைப் பார்த்தேன்.

சுவரில் ஒரு டிவி. என் உயரத்துக்கு அகலம். திரையில் ஒரு ஏரி, ஏரியில் ஒரு வாத்து. படமா அது! வாத்தின் ஒவ்வொரு இறகையும் எண்ணலாம். ரொம்ப நேரம் நின்று பார்த்தேன். ஒரு நடுக்கம் இல்லை, ஒரு சிமிட்டல் இல்லை. எங்கள் கடையில் இருக்கிற டிவியெல்லாம் நிறுத்தி வைத்த படத்தைக்கூட இப்படி நிறுத்தாது.

ஸ்டால்காரருக்கு என் பாஷை தெரியாது. எனக்கு அவர் பாஷை தெரியாது. அவர் டிவிக்குப் பின்னால் இருந்த இரும்புக் கையைக் காட்டி, அதை இந்தப் பக்கம் இழுத்து, அந்தப் பக்கம் தள்ளி, ஏதேதோ விளக்கினார். "அந்த இரும்பெல்லாம் வேண்டாம்ப்பா, டிவி மட்டும் போதும்" என்று சைகை காட்டினேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். மறுபடி இரும்பைக் காட்டினார். மறுபடி டிவியைக் காட்டினேன். நான் கொடுத்த பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். பக்கத்து ஸ்டால்காரரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். இருவரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பேரம் பேசுவதில் நான் எவ்வளவு பெரிய கில்லாடி என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

தூக்கினேன். அடேயப்பா, என்ன லேசு! ஒரு துணியைச் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டேன். தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது, நாம்தான் இன்னும் இங்கேயே இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் கால் வைக்கும்போதே எதிர் வீட்டுச் சுங்க ஐயா கதவைத் திறந்தார். சுங்க இலாகாவில் இருந்து ரிடையர் ஆனவர். அடுத்தவர் பெட்டியைத் திறந்தே பழகிய கை. இப்போது திறக்கப் பெட்டி இல்லாமல் நமநமக்கிறது. என் மூட்டைகளை ஏக்கத்தோடு பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு பிரிச்சுப் பார்க்கலாமா தம்பி?"

"ஐயா, இனிமே இந்த வீட்டுல சோதனையும் கிடையாது, வரியும் கிடையாது. உள்ள வாங்க. நீங்கதான் சாட்சி."

மனைவி மேஜையில் துணி மடித்துக் குத்திக்கொண்டிருந்தாள். வாயில் குண்டூசி வரிசை. அவள் வாயில் குண்டூசி இருக்கும்போது பேசிவிட வேண்டும் என்பது என் அனுபவம். அவளால் பதில் சொல்ல முடியாது. வாசல் காவலர் சொன்னதிலிருந்து மேடைப் பெரியவர் சொன்னது வரை, கண்காட்சியில் கேட்டதை எல்லாம் மூச்சு விடாமல் கொட்டினேன். அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். எனக்கு வியர்த்தது.

"முடிச்சுட்டீங்களா?"

"முடிச்சுட்டேன்."

"அந்தப் பெருக்குற மெஷின் எந்த ஊரு சாமான்?"

"அது வந்து... மூளை ஒரு நாட்டுல செஞ்சது. பேட்டரி இன்னொரு நாட்டுல. சக்கரம் வேற ஒண்ணு. எல்லாத்தையும் சேர்த்துப் பூட்டினது நாலாவது நாடு."

"அப்போ அது எந்த ஊருது?"

"அதான்... எல்லா ஊருதும்."

"நம்ம வீட்டுக் குப்பையை எந்த ஊரு பெருக்கும்?"

"நாலும் சேர்ந்து பெருக்கும்னு நினைக்கிறேன்."

சுங்க ஐயா இருமினார். மனைவி எழுந்து வந்தாள். சாமான்களைச் சுற்றி வந்தாள். துணி சுற்றிய டிவியின் ஒரு முனையைப் பிடித்து லேசாகத் தூக்கினாள். இறக்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி ஒரு தடவை தூக்கிப் பார்த்தாள்.

"இது?"

"டிவி. புது மாடல். பின்னறைச் சுவர்ல மாட்டப் போறேன். இப்ப யாரும் பிரிக்கக் கூடாது. நல்ல நாளா பார்த்து நானே பிரிப்பேன்."

"சரி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "எதுக்கு சரி?"

"எல்லாத்துக்கும். இனிமே வாசல்ல வரி கிடையாது. யார் எதைக் கொண்டு வந்தாலும் கேள்வி கேட்கக் கூடாது. அப்படித்தானே?"

"அப்படியேதான்!"

"எங்க இடம் இருக்கோ அங்க வெச்சுக்கலாம்?"

"தாராளமா!"

"ரெண்டு பேருக்கும்தானே?"

"பின்னே? ரெண்டு பக்கமும் செழிக்கணும்ல!"

கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். சுங்க ஐயா வாசல் வரை வந்து என் தோளைத் தட்டினார். "தம்பி, என் சர்வீஸ்ல வரியைக் கொறைங்கன்னு கேட்டவங்களைப் பார்த்திருக்கேன். கேட்ட உடனே கொறைச்ச ஆபீசரைப் பார்த்ததே இல்லை. கொஞ்சம் பார்த்து இருந்துக்க."

பொறாமை, வேறென்ன? ஆள் வேலை போன வருத்தத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் கடைக்குப் போய்விட்டு வந்தேன். வீட்டு வாசலை ஒரு மேஜை அடைத்துக்கொண்டு நின்றது. மேஜை என்றால் சாதாரண மேஜையா? துணி வெட்டுகிற மேஜை. நாலு பேர் படுத்து உருளலாம்.

"என்னம்மா இது?"

"அக்கா வீட்டுல சும்மா கெடந்துது. இறக்குமதி பண்ணிட்டேன்."

"எங்க வைக்கப் போறே?"

"எங்க இடம் இருக்கோ அங்க."

"எங்க இடம் இருக்கு?"

"பின்னறையிலதான்."

"அங்கதான் என் சாமான் இருக்கே!"

"இருந்துது. பரணுக்கு ஏற்றுமதி ஆயிடுச்சு."

பரணை அண்ணாந்து பார்த்தேன். என் பாடுகிற பெட்டிகளும் பாடாத பெட்டிகளும் அங்கிருந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தன. வாயைத் திறந்தேன். கேள்வி கேட்கக் கூடாது என்று சத்தியம் செய்தது நினைவு வந்து மூடிக்கொண்டேன்.

அதற்கடுத்த நாள் ஓரம் அடிக்கிற மெஷின் வந்தது. பிறகு ஒரு இஸ்திரிப் பலகை. பிறகு துணிச் சுருள்கள், ஆளுயரத்துக்கு. திரைச்சீலைக் கம்பிகள் ஒரு கட்டு. வாசல் திறந்து கிடந்தது. வர்த்தகம் தடையே இல்லாமல் ஓடியது. ஆனால் ஒரே திசையில். எனக்கு எல்லாம் கனவு மாதிரி இருந்தது. என் டிவி பின்னறை மூலையில், பிரிக்காத கல்யாணப் பரிசு மாதிரி, துணி சுற்றியபடியே நின்றது. அந்தப் பெருக்குகிற மெஷின் மட்டும், நாலு நாட்டு மூளையும் காலுமாக, அவள் வெட்டிப்போட்ட நூலைத் தேடித் தேடிப் பெருக்கியது. என் பக்கம் வந்தால் என் காலை இடித்துவிட்டுத் திரும்பிப் போனது.

நேராகச் சுங்க ஐயா வீட்டுக்கு ஓடினேன்.

"ஐயா, ஒரு வழி சொல்லுங்க. பின்னறை கையை விட்டுப் போகுது."

அவர் முகத்தில் பழைய களை வந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த மேஜை அக்கா வீட்டுதுதானே? விலைக்கு வாங்கினதா, கைமாத்தா?"

"கைமாத்துதான் போல."

"அப்போ மாட்டினாங்க! தற்காலிகமா உள்ள வர்ற சரக்குன்னு ஒண்ணு இருக்கு தம்பி. கண்காட்சிக்கு வருதே, அந்த மாதிரி. வரி கிடையாது. ஆனா காரியம் முடிஞ்சதும் வந்த வழியே திரும்பிப் போயிடணும். உள்ளேயே தங்கக் கூடாது. சட்டம்!"

அப்படியே அவர் காலில் விழலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்தேன். நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"கண்காட்சிக்கு வர்ற சரக்கு மாதிரி, தற்காலிகமா வந்த பொருள் எல்லாம் திரும்பிப் போகணும்!"

மெஷினை மிதிப்பதை நிறுத்தினாள். "யார் சொன்னா?"

"சட்டம் சொல்லுது."

"கண்காட்சிக்கு வந்த பொருள் வீட்டுல தங்கக் கூடாது?"

"தங்கவே கூடாது!"

"கண்டிப்பா?"

"கண்டிப்பா!"

"அக்கா வீட்டு மேஜை எந்தக் கண்காட்சிக்குப் போயிட்டு வந்துது?"

"அது... போகலை."

"ஓரம் அடிக்கிற மெஷின்?"

"அதுவும் போகலை."

"இந்த வீட்டுல கண்காட்சியிலேர்ந்து வந்தது என்னென்ன?"

எண்ணிப் பார்த்தேன். ஸ்பீக்கர். பெருக்குகிற மெஷின். டிவி. 

"நீங்களும்தான் அங்கேர்ந்து வந்தீங்க" என்று நினைவூட்டிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். நான் எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்ச நேரம் வாசலுக்கு வெளியே போய் நின்றேன்.

இதற்கு மேல் விதி என்னை விட்டிருக்கலாம். விடவில்லை. கடையில் வாய் சும்மா இருக்காமல் அந்த டிவியைப் பற்றி அளந்துவிட்டிருந்தேன். வாத்தின் இறகு, ஆடாத படம், அக்குளில் இடுக்கும் எடை, அடிமாட்டு விலை. அது முதலாளி காதுக்கு எட்டியது. கூப்பிட்டார். இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"வாங்காதேன்னு சொன்னேனே."

"தப்புதான் முதலாளி."

"விடு. அந்த விலைக்கு அப்படி ஒரு டிவின்னா, நம்ம கடைக்கே மொத்தமா இறக்கிடலாம். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன். நேர்ல பார்க்கணும். நல்லா இருந்தா அடுத்த வருஷத்துலேர்ந்து கண்காட்சிக்கெல்லாம் நீதான்."

பறந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். பச்சை அட்டை! நாற்காலி! டீ! முதலாளி டிவியைப் பார்த்துவிட்டால், அது நிற்க ஓர் இடம் வேண்டும் என்று பின்னறையும் தானாக என் கைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியைக் கூடத்துக்குத் தூக்கி வந்து, சுற்றிய துணியைப் பிரித்தேன். மனைவி கதவில் சாய்ந்து நின்றாள்.

ஏரி இருந்தது. வாத்து இருந்தது. அதே இடத்தில்.

"இன்னும் கரண்டே குடுக்கலையே, அதுக்குள்ள படம் தெரியுது?" என்றாள்.

"அதுதாம்மா புது டெக்னாலஜி."

"வயர் எங்க?"

பின்பக்கம் தேடினேன். மேலே தேடினேன். அடியில் தேடினேன். "வயரில்லா மாடல் போல இருக்கு."

"ஸ்விட்ச்?"

"இதுக்கெல்லாம் ஸ்விட்ச் கிடையாது. தொட்டாப் போதும்."

தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன். வாத்தின் வால் சுருண்டு என் விரலோடு வந்தது.

 பின்பக்க மூடியைத் தட்டினேன். டொக்டொக். உள்ளே காற்று. காலி அட்டைப் பெட்டியில் அச்சடித்த காகிதத்தை ஒட்டி, ஓரத்துக்குப் பிளாஸ்டிக் சட்டம் போட்டிருந்தார்கள். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்த ஸ்டால்காரர் விற்றது டிவி அல்ல. டிவி மாட்டுகிற இரும்புக் கை. அதில் மாட்டிக் காட்ட ஒரு பொம்மை டிவி வைத்திருக்கிறார். நான் இரும்பை விட்டுவிட்டுப் பொம்மையை வாங்கி வந்திருக்கிறேன். கையைக் குலுக்கினார்களே, ஏன் குலுக்கமாட்டார்கள்!

டிவி விற்கிற கடையில் வேலை பார்ப்பவன் நான். முதலாளி படியேறி வந்துகொண்டிருக்கிறார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என் மானம் போச்சு. வேலையும் போச்சு. எப்படியாவது காப்பாத்தும்மா."

"காப்பாத்தலாம். பின்னறை?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"எனக்கு அதுதான் முக்கியம். எத்தனை வருஷமா ஊசியைப் பொறுக்கிட்டு சோறு போடறேன்! தொழில் பண்றவளுக்கு ஒரு ரூம் கேட்டா, கெட்டுப்போன பெட்டிக்கு ரூம் வேணும்னீங்க. எனக்கு எவ்வளவு ஆத்திரமா இருந்துது தெரியுமா?"

தெரியாது. கேட்டதில்லை. அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"எடுத்துக்க. நிரந்தரமா எடுத்துக்க. தியேட்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"சத்தியமா?"

கையில் அடித்தேன். வாசல் மணி அடித்தது. அவள் பொம்மை டிவியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு பின்னறைக்குள் போனாள். நான் கதவைத் திறந்தேன். முதலாளி விறைப்பாக நுழைந்தார். பின்னாலேயே, பெட்டி பிரிக்கிற வாசனை பிடித்துக்கொண்டு சுங்க ஐயாவும் வந்தார்.

"எங்கடா அந்த டிவி?"

"அது வந்து முதலாளி... டீ சாப்பிடறீங்களா?"

"டிவி சாப்பிடற அளவுக்கு ஆசையா வந்திருக்கேன். காட்டு."

"உள்ள வாங்கண்ணே" என்று பின்னறையிலிருந்து குரல் வந்தது.

உள்ளே போனோம். நான் என் வீட்டுப் பின்னறையை முதல்முறையாகப் பார்த்தேன். நடுவில் வெட்டுகிற மேஜை. ஓரமாக மெஷின்கள். சுருள் சுருளாகத் துணி. சுவரில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு மேலே கம்பி, கம்பியில் இளம் பச்சைத் திரை, இரண்டு பக்கமும் மடிப்புக் கலையாமல் ஒதுக்கிக் கட்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு ஏரி. ஏரியில் ஒரு வாத்து. வால் இருக்க வேண்டிய இடத்தைத் திரையின் ஓரம் அழகாக மறைத்திருந்தது.

"துணி வாங்க வர்றவங்களுக்கு மாதிரி ஜன்னல்ணே. எந்தத் துணி போட்டா வீடு எப்படித் தெரியும்னு காட்டறதுக்கு. இவர்தான் கண்காட்சியில தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்தார்."

"டிவின்னு சொன்னானே?"

"டிவி மாதிரி தெளிவா இருக்குன்னு சொல்லியிருப்பார். கடையிலயே இருந்து இருந்து அவருக்கு எதைப் பார்த்தாலும் டிவியா தெரியுது."

"ஆமா முதலாளி, மாதிரின்னுதான் சொன்னேன்" என்று பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

முதலாளி திரையைத் தொட்டார். இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். டிவியை மறந்தே போனார். நான் அவர் காதுக்குக் கேட்காமல் மனைவியிடம் ஒதுங்கினேன். திரை ஜன்னலுக்கு இழைத்து வைத்தாற்போல இருந்தது. ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"இப்பத்தானே தூக்கிட்டு வந்தே? அதுக்குள்ள எப்படி அளவெடுத்துத் தச்சே?"

"போன வாரமே தச்சாச்சு."

"போன வாரம் இதை யாரும் பிரிக்கவே இல்லையே!"

"நீங்க வந்த அன்னிக்குத் தூக்கிப் பார்த்தேன்ல? உள்ள ஒண்ணுமே இல்லைன்னு தெரிஞ்சுதான் 'சரி'ன்னு சொன்னேன்."

 அப்படியானால் சுங்கவரி, சத்தியம், பரண், அக்கா வீட்டு மேஜை... எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. சுங்க ஐயா மட்டும் என் மனைவியைப் பார்த்து, மேலதிகாரிக்கு வைப்பது போல ஒரு சலாம் வைத்தார்.

"கடை முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிம்மா. மத்தியான வெயில்ல டிவிப் படமே தெரிய மாட்டேங்குது" என்றார் முதலாளி. "இதே துணி, இதே மடிப்பு, அத்தனைக்கும் வேணும். யார்கிட்ட பேசணும்?"

இது என் நேரம்! கண்காட்சிக்குப் போனவன் நான். ஜன்னலைப் பிடித்து வந்தவன் நான். வியாபாரம் பேசத் தெரிந்தவன் இந்த அறையில் வேறு யார்? தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தேன். திரையின் ஓரத்தைப் பிடித்துக் காட்டக் கையை நீட்டினேன்.

"என்கிட்டயே பேசலாம் முதலாளி. விலை என்னன்னா..."

மனைவி என் கையை மெல்ல விலக்கினாள். மெஷின் டிராயரைத் திறந்து, என் சட்டையைத் துவைக்கும்போது எடுத்து வைத்த அந்தச் சாம்பல் அட்டையை என் கழுத்தில் மாட்டி, எழுத்து வெளியே தெரிகிற மாதிரி திருப்பிவிட்டாள்.

"பார்க்கலாம்ங்க. தொடக் கூடாது. விலை பேசக் கூடாது."